நீ கேட்ட பட்டியலும் நான் மறைத்த சங்கதியும்

1. இக்கடிதத்தை எழுதுபவன் உன் தகப்பன். வயது ஐம்பத்தொன்பது. கோயமுத்தூர் நீதிமன்றங்களில் முப்பத்து மூன்று ஆண்டுகளாகச் சிவில் வழக்குகள் நடத்தி வருபவன்.

2. இதைப் பெறுபவன் நீ. என் ஒரே மகன். வயது இருபத்தைந்து. பம்பாயில் நெசவு இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினியர். வருகிற ஆவணியில் உன் தாய்மாமன் மகள் வசந்தாவை மணக்க இருப்பவன்.

3. இதை நல்ல நினைவோடும், எவருடைய தூண்டுதலும் இல்லாமலும், என் கையாலேயே எழுதுகிறேன். கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், ஊகத்தை ஊகமாகவும் மட்டுமே சொல்வேன்.

மகனே, எண்ணிட்ட பத்திகள் இத்துடன் போதும். எண் போட்டு எழுதும்போது எனக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அது எதிர்க்கட்சிக்காரனிடம் பேசுகிற தைரியம். மகனிடம் பேச அது உதவாது.

சென்ற வாரம் உன் கடிதம் வந்தது. கல்யாணம் முடிந்த பிறகு பன்னிரண்டு நாள் லீவு இருக்கிறது, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் எல்லாரும்தான் போகிறார்கள், நீங்கள் கமிஷன் வேலையாக இந்தப் பக்கத்தின் மூலை முடுக்கெல்லாம் போய் வந்தவர், வெளியாருக்குத் தெரியாத, கண்ணுக்கு நிறைவான இடங்களாக ஒரு பட்டியல் போட்டு அனுப்புங்கள், வசந்தாவுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தாய். உன் அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். "நல்ல ஆளைப் புடிச்சுக் கேட்டிருக்கறான் பாருங்க" என்றாள். பட்டியல் போடுவது எனக்குக் கடினமான வேலை இல்லை. இரண்டு முறை எழுதவும் உட்கார்ந்தேன். இரண்டு முறையும் வசந்தாவுக்குக் காட்ட வேண்டும் என்ற அந்த வரி என் பேனாவை நிறுத்திவிட்டது. நான் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் உங்கள் இருவரையும் அந்த இடங்களுக்கு அனுப்பி வைப்பது வில்லங்கம் உள்ள நிலத்தைச் சுத்தமான நிலம் என்று எழுதிக்கொடுப்பதற்குச் சமம்.

சங்கதி இதுதான். உன் அம்மாவின் பார்வை போனது சத்துக்குறைவினால் அல்ல. அது அவள் பிறந்த வீட்டின் ரத்தத்தில் வருகிற நோய். வைத்தியர் இதை என்னிடம் சொல்லிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் காங்கேயத்தில் வெற்றிலை பாக்கு மாற்றிய அன்று, உன் மாமன் எல்லார் முன்னிலையிலும் என்னைக் கேட்டபோதும் சொல்லவில்லை.

நீ சிறு வயதில் கமிஷன் என்றால் என்னப்பா என்று கேட்பாய். நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. இரண்டு பேர் ஒரு வரப்புக்காகவோ கிணற்றுக்காகவோ வாய்க்காலுக்காகவோ வழக்காடும்போது நீதிபதி அந்த இடத்தை நேரில் போய்ப் பார்க்க முடியாது. ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்து, போய்ப் பார்த்து, அளந்து, வரைபடம் போட்டு அறிக்கை கொடு என்பார். நீதிமன்றத்தின் கண்ணாக நான் போக வேண்டும். இரு கட்சிக்காரர்களுக்கும் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, பஸ்ஸிலும் ஒற்றை மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் போவேன். கட்சிக்காரர் வண்டியில் ஏற மாட்டேன். யார் தோட்டத்து இளநீரும் குடிக்க மாட்டேன். உன் அம்மா கட்டிக் கொடுத்த கட்டுச்சோற்றை ஏதாவது ஒரு பொது மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். நமது குமாஸ்தா பழனிச்சாமி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "நம்ம ஐயாவுக்கு மழ பேஞ்சாக்கூட ரெண்டு கட்சிக்கும் சமமாப் பெய்யோணுமுங்க." அப்படிப் போன இடங்களில் எவரும் சுற்றுலாவுக்கு வராத எத்தனையோ காட்சிகள் என் முன்னால் கிடந்தன. அவற்றின் நீள அகலங்கள் அனைத்தும் என் நோட்டுப் புத்தகங்களில் இருக்கின்றன.

உனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு நாள் மாலை உக்கடம் குளக்கரையில் நாம் மூவரும் நடந்து வந்தோம். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. உன் அம்மா நேரே நடந்துபோய், ஓரமாக நிறுத்தியிருந்த பார வண்டியின் நுகத்தடியில் மோதிக்கொண்டாள். வண்டிக்காரர் பதறிப்போய், "ஏனுங்க அம்மணி, இத்தாச்சோட்டு வண்டி கண்ணுக்குத் தெரியலீங்களா?" என்றார். நீ சிரித்தாய். அவளும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். அடுத்த வாரம் அவளைக் கண் வைத்தியரிடம் அழைத்துப் போனேன். இருட்டறையில் வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். நோய் யாருக்கோ அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, ஆண்பிள்ளையிடம் சொல்வார்கள்.

"வக்கீல் சார், உங்ககிட்ட மறைக்கறதுக்கில்லீங்க. விழித்திரை ஓரத்துல இருந்து கெட்டுட்டு வருது. இதுக்கு மருந்து கிடையாது. மீன் எண்ணெய் எழுதித் தாரேன், அது நம்ம மன ஆறுதலுக்குத்தான். பகல் பார்வை இன்னும் அஞ்சாறு வருசம் இருக்கும். பாக்க வேண்டியதையெல்லாம் இப்பவே பாத்துக்கச் சொல்லுங்க" என்றார். பிறகு, "அவங்க அப்பா அம்மா சொந்தமுங்களா?" என்று கேட்டார். உன் அம்மாவின் தகப்பனார் தன் அக்கா மகளையே கட்டியவர் என்று சொன்னேன். அந்த வீட்டில் ஒரு பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து காலம் தள்ளியதையும் சொன்னேன். அவர் தலையசைத்தார். "சொந்தத்துக்குள்ளயே கட்டிக் கட்டி வர்ற குடும்பத்துல இதை நெறையப் பாக்கறேனுங்க. உங்களுக்குப் பையன் ஒருத்தன்தானே? அம்மா வழியில மட்டும் பொண்ணு எடுத்துராதீங்க. வரும்னு நான் சொல்லல. வராதுன்னு சொல்ல எனக்குத் தைரியமில்ல." இவை அவர் சொன்ன சொற்கள். அன்றே நோட்டில் எழுதி வைத்தேன். ஆகையால் சொல் பிசகவில்லை.

வெளியே வந்தபோது அவள் எழுந்து நின்றாள். "என்னங்க சொன்னாரு?" என்றாள். "சத்துக் கொறைவாம். எண்ணெய் குடிச்சாச் சரியாப் போயிரும்ங்கறாரு" என்றேன். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு மேல் நான் எதையும் யோசித்துச் சொல்லவில்லை. அப்புறம் பதின்மூன்று ஆண்டுகள் யோசித்ததெல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களுக்குக் காரணம் கண்டுபிடிப்பதற்காகத்தான். ஒரு வைத்தியரின் அபிப்பிராயம் முடிந்த முடிவு ஆகாது, மதராசில் இன்னொருவரிடம் காட்டிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். மதராசிலும் அதையே சொன்னார்கள். சொன்னால் அவள் மனம் உடைந்துவிடும் என்று நினைத்தேன். வெளியே தெரிந்தால் அவள் பிறந்த வீட்டுப் பெண்களை யார் கட்டுவார்கள் என்றும் நினைத்தேன். இவை எல்லாம் நியாயமான காரணங்கள்போலத் தெரியும். ஒரு சாட்சி இப்படிக் காரணம் அடுக்கினால் கூண்டிலேயே நிறுத்தி இரண்டு கேள்வியில் நான் கவிழ்த்திருப்பேன். கறி மீன் தொடாத வீட்டில் பிறந்தவள், தினமும் விடிகாலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த மீன் எண்ணெயைக் குடித்தாள். குணமாகும் என்று நம்பிக் குடித்தாள். என் குற்றத்தின் அளவு உனக்கு விளங்க இது போதும்.

ஆனாலும் வைத்தியர் சொன்ன ஒன்றை மட்டும் நிறைவேற்றப் பார்த்தேன். அவளுக்குக் காட்டவேண்டியதைக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையை விட்டு உள்ளே மூன்று மைலில் ஒரு கல் குழி இருந்தது. இரண்டு பங்காளிகள் அது யார் நிலத்தில் இருக்கிறது என்று வழக்காடியதால் நான் அதை அளந்திருந்தேன். மேலே வெறும் காடு. முள்வேலியும் மேய்கிற மாடுகளும் தவிர எதுவும் தெரியாது. ஓரத்தில் போய் நின்றால், கீழே பத்து ஆள் ஆழத்துக்குக் கெட்டித் தயிரை வெட்டியதுபோல வெள்ளைப் பாறை. அந்த வெள்ளைக்குள் நீலமும் பச்சையும் கலந்த கண்ணாடிக் குச்சிகள் போன்ற கற்கள் செருகியிருக்கும். வழக்கு முடிந்து ஆறு மாதம் கழித்து, உன் மாமன் வீட்டுக்குப் போன சாக்கில் அவளை அங்கே கூட்டிப்போனேன். உச்சி வெயில். அந்த வெளிச்சத்தில் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கல் சலித்துக்கொண்டிருந்த ஒரு பெண், விரல்நுனி அளவு நீலச்சில் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தாள். "கண்ணுகிட்ட வெச்சு வெயிலைப் பாருங்க அம்மணி. ஊரே குளத்துக்குள்ள கெடக்கறாப்பல தெரியும்." உன் அம்மா வைத்துப் பார்த்தாள். எடுக்கவே இல்லை. என்னையும் அந்தச் சில்லின் வழியாகப் பார்த்து, "நீங்களும் நல்லாத்தான் இருக்கறீங்க" என்றாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். கிளம்பும்போது அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் விடவில்லை. கமிஷனராக வந்த இடத்திலிருந்து கூழாங்கல்கூட எடுத்துப் போகக்கூடாது என்றேன். வழக்கு முடிந்துவிட்டதே என்று அவள் கேட்டாள். அப்பீல் போகலாம் என்று பதில் சொன்னேன். மகனே, அப்பீல் யாரும் போகவில்லை.

அடுத்த ஆண்டு பவானிக்குப் போனோம். அங்கே ஜமக்காள நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் நூலை அலசுகிற வாய்க்காலால் கீழே இருந்த தோட்டக்காரருக்குத் தொந்தரவு என்று ஒரு வழக்கில் போயிருக்கிறேன். வீடுகளுக்கு இடையில் மூங்கில் கட்டி, சாயம் போட்ட நூல் கத்தைகளைக் காயவிட்டிருப்பார்கள். தெருவின் ஒரு முனையில் சிவப்பு, நடுவில் பச்சை, அதற்கப்பால் நீலம் என்று தலைக்குமேல் பந்தல்போலத் தொங்கும். அடியில் நடந்தால் உன் வேட்டியின் நிறம் பத்தடிக்கு ஒருமுறை மாறும். சாயத் தொட்டியருகில் நின்ற ஒருவருக்கு முழங்கை வரை ஒரு கை சிவப்பு, ஒரு கை நீலம். உன் அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "தொட்டுப் பாருங்க அம்மணி, ஒட்டாது. தோலோட ஊறிப்போச்சு. எனக்குச் சோறு போடறப்ப எங்கூட்டுக்காரி மொகத்தைத் திருப்பிக்குவாளுங்க" என்றார் அவர். பிறகு கூடுதுறைக்குப் போனோம். புதுத்தண்ணீர் வந்த சமயம். காவிரி செம்மண் கலந்து வந்தது. பவானி தெளிந்து கரும்பச்சையாக வந்தது. இரண்டும் கூடியும் கலக்காமல், நடுவே கோடு கிழித்ததுபோல, வெகுதூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. "அந்தக் கோடு தெரியுதா" என்று கேட்டேன். தெரிகிறது என்றாள். ஆனால் பச்சைத் தண்ணீரைப் பார்க்க ஒரு முறையும் சிவப்புத் தண்ணீரைப் பார்க்க ஒரு முறையும் தலையை முழுதாகத் திருப்பினாள். இரண்டையும் அவளால் ஒருசேரப் பார்க்க முடியவில்லை. மூங்கில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல அவளுடைய பார்வை சுருங்கியிருந்தது. வைத்தியர் சொன்ன கணக்கைவிட அது வேகமாகப் போய்க்கொண்டிருந்தது என்று அன்று அந்தப் படிக்கட்டில் நின்று அறிந்துகொண்டேன். அறிந்தும் வாயைத் திறக்கவில்லை.

அதன்பின் ஒரு கடுங்கோடை வந்தது. பவானியாற்றில் அணை கட்டித் தண்ணீர் தேக்கியபோது மூழ்கிய ஊர்களில் ஒன்று உன் அம்மாவின் குலதெய்வக் கோயில் இருந்த ஊர். சாமியை மேட்டில் கட்டிய புதுக்கோயிலுக்கு எடுத்துப் போனார்கள். பழைய கல் கட்டடம் தண்ணீருக்குள்ளேயே நின்றது. அவளுக்குக் காது குத்தியது அந்த மண்டபத்தில்தான். அந்தக் கோடையில் அணை வற்றி, கோயில் முழுதாக வெளியே வந்தது. ஏரிப்படுகையில் வெள்ளாமை வைத்த இரண்டு பேருக்கிடையே வழக்கு வந்து நான் போனேன். மகனே, அதுபோன்ற காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த சாம்பல் நிறச் சேறு. அதன்மேல் பச்சைப் பசேலென்று தர்ப்பூசணிக் கொடிகள். நடுவே தூண்களெல்லாம் பாசி காய்ந்து, நத்தை ஓடுகள் வெள்ளை வெள்ளையாக ஒட்டி, தண்ணீர் படிப்படியாக வற்றிய கோடுகளோடு கோயில் நின்றது. ஊரை விட்டுப் போனவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, தங்கள் வீடு இருந்த இடம் எது என்று சேற்றில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆசை முழுதும் முகத்தில் வந்துவிட்டது. பிறகு அவளே அதை அடக்கிக்கொண்டாள். "இப்ப வேண்டாமுங்க. அரைகொறையாப் பாத்து என்ன பண்றது? எண்ணெய் குடிச்சுட்டுத்தானே இருக்கறேன். கண்ணு நல்லாகட்டும், அடுத்த தடவ தண்ணி வத்தறப்ப நல்லாப் பாத்துக்கறேன். கோயில் எங்க போயிருது?" என்றாள். அவளுக்கு அடுத்த தடவை என்பதே இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். "சரி, உன் இஷ்டம்" என்றேன். ஆடியில் தண்ணீர் வந்துவிட்டது. நான் மறைத்ததனால் அவள் இழந்தது ஆறுதலை அல்ல. இருந்த பார்வையையும் வரப்போகிற பார்வைக்காகச் சேமித்து வைத்து இழந்தாள். அவளிடம் உண்மை இருந்திருந்தால் அன்றைக்கே என்னைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள் என்பது என் ஊகம். ஊகம் என்றே குறிக்கிறேன். ஆனால் உறுதியான ஊகம்.

நீ கிண்டியில் படிக்கப் போன முதல் ஆண்டிலேயே அவளுக்குப் பகல் பார்வையும் போய்விட்டது. அதை நீ பார்த்தாய். ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்து, வேறு வைத்தியரிடம் காட்டலாம் என்று சண்டை போட்டாய். நான் தட்டிக் கழித்தேன். அப்பா கஞ்சத்தனம் செய்கிறார் என்று நீ நினைத்தாய். அந்தக் குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

சென்ற சித்திரையில் அணை மறுபடியும் வற்றியது. இந்த முறை அவளே கேட்டாள். போனோம். கொடிகளுக்கு நடுவே கையைப் பிடித்து நடத்திப் போய் மண்டபத்தில் உட்கார வைத்தேன். "எப்படி இருக்குதுங்க?" என்றாள். கிழக்கு மேற்கு இத்தனை அடி, தூண்கள் இத்தனை, வடபுறம் கைப்பிடிச் சுவர் இடிந்திருக்கிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அளவு கேக்கலீங்க. என்ன கலரு இருக்குதுன்னு சொல்லுங்க" என்றாள். நான் பார்த்தேன். உள்ளபடியே பார்த்தேன். எத்தனையோ நிறங்கள் இருந்தன. எனக்கு ஒன்றுக்கும் பெயர் சொல்ல வரவில்லை. பக்கத்தில் காய் பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள்தான் வந்து உட்கார்ந்து, "தூணு புளியங்கொட்டை நெறமுங்க, அதுல மொச்சைப் பூவாட்ட நத்தை ஒட்டிட்டிருக்குது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். உன் அம்மா முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து தள்ளிப்போய் நின்றேன்.

இனி வசந்தாவின் சங்கதிக்கு வருகிறேன். நீ அவளைக் கட்ட வேண்டும் என்று விரும்பியவள் உன் அம்மாதான். அதற்கு அவள் சொன்ன காரணம் இது: "புதுசா ஒருத்தி இந்த ஊட்டுக்குள்ள வந்தா அவ காலடி எனக்குப் புடிபட வருசமாகும். வசந்தா நடக்கறது, மூச்சு விடறது எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு அவ போதும்." பார்வை இல்லாதவள் இப்படிக் கேட்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஏன் என்பாள். அந்த ஏனுக்குப் பயந்து தலையை ஆட்டினேன். வைத்தியர் செய்யாதே என்று சொன்ன ஒரே காரியத்துக்கு, அவர் சொன்னதை மறைத்ததனாலேயே வந்து சேர்ந்தேன்.

காங்கேயத்தில் அன்று உன் மாமன் நல்ல உற்சாகத்தில் இருந்தார். உனக்கு லீவு கிடைக்காததால் நீ வரவில்லை. எண்ணெய் ஆலைக்காரர்கள், பங்காளிகள் என்று கூடம் நிறைந்த கூட்டம். தட்டை நீட்டுமுன் அவர் என்னைப் பார்த்து, "மச்சான், பின்னால பேச்சு வரக்கூடாது. ஏதாச்சும் சொல்றதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க" என்றார். நான் பேசாமல் இருந்தேன். அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "எங்க மச்சான் வாயத் தொறந்தா ஃபீசுங்க. அதான் நம்மகிட்ட ஓசியில பேச மாட்டேங்கறாரு" என்றார். கூடமே சிரித்தது. கதவருகில் நின்ற வசந்தாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நாற்பது பேர் சாட்சியாக என்னை வெளிப்படையாகக் கேட்டார்கள். சிரித்துக்கொண்டே மறைத்தேன்.

நீ கேட்ட பட்டியலைத் தந்துவிடுகிறேன். கல் குழிக்கு உச்சிவேளையில் போ. சாய்ந்த வெயிலில் வெள்ளைப் பாறை மட்டும்தான் தெரியும். பவானிக்கு மழை விட்ட மறுநாள் போ. அன்றுதான் எல்லா நூலையும் ஒருசேர வெளியே எடுப்பார்கள். சத்தியமங்கலம் மலைப்பாதையில் பங்குனி மாதத்தில் இலையே இல்லாத புரசு மரங்கள் மலை முழுக்கச் செந்நிறமாகப் பூத்து நிற்கும். ஆவணியில் அது கிடைக்காது, ஆனால் குறித்து வைத்துக்கொள். மதுக்கரைப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கி மயில் கழுத்து நிறத்தில் கிடக்கும். இறங்காதே, ஓரம் சரியும். கொடுமுடிக்குப் போனால் ஆற்று நடுவில் இருக்கிற பாறைக்குப் பரிசலில் போ. கோயிலைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். அது தண்ணீருக்குள் இருக்கிறது. எங்கே போனாலும் அளக்காதே. உன் தொழிலும் அளக்கிற தொழில், என் புத்தி உனக்கும் உண்டு. கூட வருகிறவளுக்கு என்ன தெரிகிறது என்று கேள். அவள் சொல்வதைக் கேட்டபிறகு நீ பார்.

ஆனால் எங்கும் போவதற்கு முன் பம்பாயில் ஒரு நல்ல கண் வைத்தியரிடம் போ. இதில் உள்ள வைத்தியரின் சொற்களை அப்படியே அவரிடம் காட்டு. உன் கண்ணில் இதுவரை நான் எந்தக் குறையும் காணவில்லை. மாலை வேளைகளில் உனக்குத் தெரியாமல் உன் நடையைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறேன். ஆனால் சான்று தர எனக்குத் தகுதி இல்லை. பயப்பட வேண்டியது உன் கண்ணுக்காக மட்டும் அல்ல, உங்களுக்குப் பிறக்கப்போகிற குழந்தைகளுக்காகவும்தான். கல்யாணத்தை நடத்துவதா நிறுத்துவதா என்று நான் சொல்ல மாட்டேன். வசந்தாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் உன் முடிவுக்கே விடுகிறேன்.

இந்த இடத்தில் முடித்துக் கையெழுத்துப் போடுவதாக இருந்தேன். ஆனால் என்னைப் பற்றியது மட்டுமல்ல இந்தக் கடிதம். பார்வை இல்லாதவர் சம்பந்தப்பட்ட எந்தப் பத்திரத்தையும் அவருக்கு முழுதும் படித்துக் காட்டாமல் நிறைவேற்றக்கூடாது என்று எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். நேற்று மதியம் உன் அம்மாவை எதிரில் உட்கார வைத்து முதல் எண்ணிலிருந்து படித்தேன். பழனிச்சாமியும் இருந்தார். வைத்தியர் சொன்ன பகுதி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள். "மறுபடியும் படிங்க" என்றாள். படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். மூன்றாம் முறைக்குத் தாளை நீட்டிவிட்டேன். அதைப் பழனிச்சாமி வாங்கிப் படித்தார். மிச்சத்தையும் அவரே கடைசிவரை படித்தார். அவள் அழவில்லை. நீ எதிர்பார்ப்பாய் என்பதால் சொல்கிறேன், என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"கடைசியில என்னமோ எழுதியிருக்கறீங்களே, வசந்தாகிட்டச் சொல்றதும் சொல்லாததும் அவன் முடிவுன்னு. அதை அடிங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். "உங்களை மாதிரியே அவனும் அவளுக்காக முடிவு பண்ணோணுமுங்களா? இதுல ஒரு நகல் எழுதிக் காங்கேயத்துக்கு அனுப்புங்க. என்ற தம்பி பேருக்கு வேண்டாம். அந்தப் புள்ள பேருக்கு." நான் பதறிவிட்டேன். உன் மாமன் நம்மோடு பேச்சை நிறுத்திவிடுவார், கல்யாணம் நின்றுபோகும், அந்தப் பெண் இனி இந்த வீட்டுப் படியேற மாட்டாள், உன் அம்மாவுக்குத் துணை யார் என்றேன். ஒவ்வொரு காரணமும் சரியான காரணம். அவள் கேட்டு முடித்தாள். "நின்னா நிக்கட்டுமுங்க. அவ கண்ணு, அவ வயிறு. அவளுக்குத் தெரியோணும்" என்றாள். பிறகு சற்று மெதுவாக, "எனக்கும் தெரிஞ்சிருக்கோணும்" என்றாள். பழனிச்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் அடிக்கச் சொன்ன வரியை அடிக்கவில்லை. நான் எப்படி எழுதினேன் என்பது உனக்குத் தெரிவதற்காக அப்படியே விட்டிருக்கிறேன். ஆனால் அது செல்லாது. இன்று காலை பழனிச்சாமி எழுதிய நகல் வசந்தாவின் பெயருக்கு, அவள் கையில் மட்டும் கொடுக்கும்படி, பதிவுத் தபாலில் போய்விட்டது. நீ இதைப் படிக்கும்போது அவளும் படித்திருப்பாள். அவள் வேண்டாம் என்றால் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள். வேண்டும் என்றால், வைத்தியரிடம் இருவரும் சேர்ந்து போங்கள். ஒருவரை வெளியே உட்கார வைக்க விடாதீர்கள்.

சாட்சிக் கையெழுத்துக்கு உன் அம்மாவிடம் மைப்பெட்டியைக் கொண்டுபோனேன். "கைநாட்டு எதுக்குங்க? எனக்குப் பேர் எழுதத் தெரியும்" என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். இடத்தைக் காட்ட அவள் விரலைப் பிடித்தேன். விலக்கிவிட்டாள். தாளின் ஓரத்தைத் தானே தடவிப் பார்த்து எழுதினாள். அவளுடைய எழுத்து கீழே போகாமல் மேலேறி, என் கையெழுத்தின்மேல் குறுக்காக விழுந்திருக்கிறது. என் பெயரைப் படிக்க முடியவில்லை. அதைத் திருத்தவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

(ஒப்பம்)
உன் தகப்பன்
கோயமுத்தூர்

சாட்சிகள்:
1. ருக்மணி, உன் அம்மா. முழுதும் படிக்கக் கேட்டு, தன் கையால் எழுதியது.
2. பழனிச்சாமி, குமாஸ்தா. படித்துக் காட்டியவரும் நகல் எழுதியவரும்.